‘அரும்பு’ என்றால் ஃபெயிலா?
தொடக்கப் பள்ளி மதிப்பீடு: சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் “எத்தனை மார்க்?” என்றுதான் முதலில் கேட்கிறோம். தொடக்கப் பள்ளிகளிலோ இப்போது அரும்பு, மொட்டு என்று பேசுகிறார்கள். அண்ணாகிராமம் ஒன்றியத்துப் பெற்றோருக்கு எழக்கூடிய சில சந்தேகங்கள்:

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘அரும்பு’ நிலையில் இருக்கிறாளாம். ஃபெயில் என்று அர்த்தமா?

இல்லை. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2022 ஜூனில் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 3-ம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை, கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் பாடம் நடத்துவார்கள். உங்கள் மகளுக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்கான குறிப்புதான் அது. “அரும்புப் பசங்க” என்று பட்டப்பெயர் வைத்துவிட்டால் திட்டமே கெட்டது.

வீட்டுப் பேச்சைப் பேசினால் மதிப்பீட்டில் குறைந்துவிடுமா?

குறையக் கூடாது. முந்திரி விளையும் பண்ருட்டி வட்டாரத்தில் கொல்லை என்றால் புன்செய் நிலம். “அம்மா கொல்லைக்குப் போயிருக்கு” என்று பிள்ளை சொன்னால், வேலைக்குப் போயிருக்கிறார் என்று நமக்குப் புரியும். டெல்டா பக்கமிருந்து மாறுதலில் வந்த ஆசிரியருக்கு அது ‘வெளிக்குப் போயிருக்கிறார்’ என்று கேட்கும். வகுப்பே சிரித்துவிட்டால் மறுநாள் பிள்ளை வாய் திறக்காது. ‘பேச்சுத்திறன் குறைவு’ என்று பதிவாகிவிடும். ஊர்ச் சொல் தெரியாதது யார் குறை? முதலில் பிள்ளையின் சொல்லை ஏற்றுக்கொண்டு, பிறகு பாடநூல் சொல்லைப் பக்கத்தில் வைப்பதே முறை. பயமில்லாமல் பிள்ளை தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவே சொல்கிறது.

அங்கன்வாடியில் பரீட்சை வைப்பதில்லையே, பிள்ளை கற்றது எப்படித் தெரியும்?

பார்த்தால் தெரியும். நம் அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. பரீட்சை இல்லாமல் மதிப்பிட நியூசிலாந்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 1996-ல் வந்த மழலையர் பாடத்திட்டத்துக்கு மாவோரி மொழியில் ‘பின்னிய பாய்’ என்று பொருள்படும் பெயர். ‘இது என் இடம்’ என்ற உணர்வு அதில் ஐந்து இழைகளில் ஒன்று. அங்கே ஆசிரியர்கள் மார்க்குக்குப் பதிலாக, பிள்ளை செய்ததைக் குட்டிக் கதையாக எழுதிவைக்கிறார்கள். நம் ஊரில் எழுதினால் இப்படி இருக்கும்: “பலாக்கொட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினான். ஒரு வரிசையில் ஒன்று குறைந்ததைத் தானே கண்டுபிடித்தான்.” ‘கணக்கு: நன்று’ என்பதைவிட இதில் விஷயம் அதிகம்.

செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பும் இருளர் பிள்ளைகள் நிலை என்ன?

பல மாதம் வகுப்பில் இல்லாத பிள்ளையை மற்றவர்களோடு ஒரே தாளில் அளந்தால், அளப்பது அறிவை அல்ல, வருகைப் பதிவேட்டை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்க 5-வது பிரிவு இடம் தரவில்லை. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது.

ஐந்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வருமா?

2019-ல் 5, 8-ம் வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத்தேர்வை, எதிர்ப்பு எழுந்ததால் 2020 பிப்ரவரியில் தமிழக அரசே திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் கட்டாயத் தேர்ச்சியைக் கைவிட்டபோதும் தமிழகம் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்புவரை கட்டாயத் தேர்ச்சி என்றே சொல்கிறது.

படிக்காத நாங்கள் பள்ளியில் என்ன கேட்க முடியும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு என்ன தெரிகிறது? அடுத்து என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்? அவள் வகுப்பில் வாய் திறந்து பேசுகிறாளா? மூன்றாவதுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், முதல் இரண்டுக்கும் வந்த பதில்களை அப்படியே நம்பிவிடாதீர்கள்.