நாமக்கல்லில் நிலாத் தரை! தெரியுமா?

முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர். அங்குள்ள பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்பது தெரியுமா? அவை உருவானபோது பூமியில் நுண்ணுயிர்களைத் தவிர வேறு உயிரே இல்லை!

பூமிக்கடியில் கொதித்துக் கிடந்த பாறைக்குழம்பு ஆறத் தொடங்கியதும், கனத்த குரோமைட் படிகங்கள் கரும்பட்டைகளாக அடியில் தங்கிவிட்டன. அரிசி களையும்போது கல் தங்குமே, அதைப் போல! அந்தக் கரும்பட்டைகளை அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறைக்குள் இன்றும் பார்க்கலாம். குரோமைட் என்றால் சும்மாவா? எவர்சில்வருக்கு வேண்டிய குரோமியம் அதில்தான் கிடைக்கிறது!

ஆனால் இங்குள்ள குரோமைட்டில் குரோமியம் குறைவு, இரும்பும் அலுமினியமும் அதிகம். பட்டைகளும் மெல்லியவை. ஒடிசாவின் சுகிந்தாவைப் போலப் பெரிய சுரங்கம் இங்கே வராததற்கு அதுதான் காரணம். ஆராய்ச்சி மட்டும் நிற்கவே இல்லை! 1956இல் ஏ.பி.சுப்பிரமணியம் இந்தப் பாறைத்தொகுதியை அலசி எழுதிய கட்டுரையை உலகப் புவியியலாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். பின்னாளில் அதே கரும்பட்டைகளில் பிளாட்டினம், பல்லேடியத்தின் தடயங்களும் கிடைத்தன. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை புதையலா!

இதைவிடப் பெரிய வியப்பு, உலோகம் தேடியவர்கள் ஓரமாக ஒதுக்கிய அந்த வெளிர்ப்பாறைதான். நிலவில் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட்! அதிலும் சித்தம்பூண்டிப் பாறையில், நிலவில் உள்ளதைப் போலவே, கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் நிறைந்திருக்கிறது. ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும்: நம் பாறையில் நீரைப் பிடித்துவைத்த கனிமங்கள் உண்டு, நிலவுப் பாறையோ வறண்டது.

சந்திரயான்-2 தரையிறங்கும் கலத்தையும் உலாவியையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. வெளிநாட்டில் வாங்கினால் விலை எக்கச்சக்கம். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் கைகொடுக்க, சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறைகள் பொடியாகி பெங்களூருக்குப் போயின. சுமார் 50 டன்! அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் இஸ்ரோ காப்புரிமையே பெற்றுவிட்டது.

2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவம் அருகே இறங்கியது. அதன் பிரக்யான் உலாவி அங்கிருந்த மண்ணை அளந்து அனுப்பிய கணக்கு 2024இல் வெளியானது. விடை என்ன தெரியுமா? அதுவும் அனார்த்தோசைட் வகைதான்!