கயிறு யார் கையில்?
கடலடி காணப் புறப்படும் குடும்பங்களுக்கு

திருவண்ணாமலையில் பிறந்து வளரும் பிள்ளைக்கு மலை தெரியும்; கடல் தெரியாது. வாசலில் நின்றாலே மலை கண்ணில் படும். பௌர்ணமிதோறும் அதனை வலம்வரும் 14 கிலோமீட்டர் சாலையின் கூட்டமும், கார்த்திகைத் தீபத்தன்று உச்சியில் எழும் சுடரும், எச்சமயத்தவராயினும் இவ்வூரார் அனைவருக்கும் பழகியவை. தண்ணீர் என்றால் வயற்கிணறும், ஏரியும், சாத்தனூர் அணையுமே. இத்தகைய ஊரில் வாழும் நம் பங்குக் குடும்பம் ஒன்று, அந்தமான் தீவுக்குச் சென்று, கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறைகளைக் கண்டுவர விரும்பி, அண்மையில் நம்மிடம் யோசனை கேட்க வந்தது. தந்தை, தாய், பதினான்கு வயது மகள், பதினொரு வயது மகன், பாட்டி என ஐவர்.

இது வீண் ஆடம்பரம் அன்றோ என்று வாசக அன்பர்கள் சிலர் கேட்கலாம். கடன் வாங்கிச் செல்வதாயின் ஆம் என்போம். ஆனால் இக்குடும்பத்தார் மூன்றாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்தவர்கள். இறைவன் படைத்த நீரின் ஆழத்தையும் அதில் திரியும் உயிர்களையும் பிள்ளைகளோடு கண்டு வியப்பது தவறாகாது. நம்மைச் சிந்திக்க வைத்தது பணம் அன்று; அவர்கள் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு தாள்.

ஒரு தாளும் ஒரு கேள்வியும்

மூழ்கக் கற்றுக்கொடுப்போர், நீரில் இறங்குமுன் ஒவ்வொருவரும் நிரப்பித் தரவேண்டும் எனக் கேட்கும் உடல்நலப் படிவம் அது. இருதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, காதில் அறுவை நடந்ததா, ஆஸ்துமா உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். மகனுக்குச் சிறு வயது முதல் இழுப்பு உண்டு. தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“மூன்று மாதமாக அவனுக்கு இழுப்பே வரவில்லை, ஐயா. ‘இல்லை’ என்று குறித்துவிட்டால் என்ன? பிள்ளை எத்தனை நாளாக ஆசைப்பட்டுக் காத்திருக்கிறான்!”

தாயுள்ளத்தின் கேள்விதான் அது. ஆயினும் விடை கூறுமுன் நீருக்கடியில் நடப்பது இன்னதென்று அறிதல் வேண்டும்.

மலையும் கிணறும்

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான ழாக் குஸ்தோ, எமில் கான்யான் என்னும் இருவர் உருவாக்கிய கருவியே இன்றைய ஸ்கூபாவுக்கு அடிப்படை. முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் எண்ணுகின்றனர். அது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றே. நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ப அக்காற்றை வாய்க்கு வழங்குவதே அக்கருவியின் நுட்பம்.

நம் மலை ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சிவரை ஏறினாலும் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. நீரிலோ வெறும் 10 மீட்டர், அதாவது நம் பக்கத்து வயற்கிணறு ஒன்றின் ஆழம் இறங்கினாலே, உடலின் மீதுள்ள அழுத்தம் இருமடங்காகிவிடுகிறது. அங்கே இழுத்த மூச்சு, மேலே வருகையில் இருமடங்காக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல ஏறுவோருக்குத் தீங்கில்லை. அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியலாம். காற்றுக்குமிழி இரத்தத்தில் புகுந்து மூளையைத் தாக்கலாம். எனவேதான் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது மூழ்குவோரின் முதற்கட்டளை.

இழுப்பு உள்ளவருக்கு ஆபத்து இங்கேதான். அவருடைய மூச்சுக்குழல் சுருங்கினால், அவர் அடக்காமலேயே காற்று உள்ளே சிறைப்பட்டுவிடும். இழுப்புள்ளவர் யாவரும் மூழ்கக் கூடாது என்பதன்று. அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், தாயின் பேனா அன்று. தாளில் எழுதிய பொய் கடலுக்குத் தெரியாது.

கயிறு பிடித்த கைகள்

கடலில் மூழ்குவது தமிழருக்குப் புதிதன்று. 1542ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவர் கண்ட பரதவ மக்கள், எக்கருவியும் இன்றி, ஒரே மூச்சில், கல்லின் எடையால் கடலடிக்கு இறங்கிச் சிப்பி அள்ளியவர்கள். சிப்பியைப் பையில் திரட்டியதும் மூழ்கியவர் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் விரைந்து மேலே இழுப்பார். ஒரு நொடி தாமதமும் உயிருக்கு விலை. இக்கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. தன் சகோதரி தாலி இழக்க எந்த அண்ணனும் தம்பியும் விடமாட்டான் அல்லவா? இயற்கைச் சிப்பிகள் அருகியதால், 1961க்குப் பின் தூத்துக்குடியில் அத்தகைய பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கயிறு போயிற்று, கயிற்றின் பாடம் போகவில்லை.

இன்றும் ஸ்கூபாவில் ஒருவர் தனியே இறங்குவதில்லை. இருவர் இணையாக இறங்கி, ஒருவர் காற்றளவை மற்றவர் கவனித்து, ஒருவருக்குக் காற்றுத் தீர்ந்தால் மற்றவர் தம் காற்றைப் பகிர்ந்தளித்து, சேர்ந்தே மேலேறுவர். ஆனால் நீ உன் நோயை மறைத்தால் உன் இணையர் உன்னை எவ்வாறு காப்பார்? உண்மையே அந்தக் கயிறு.

திட்டமிடுவோர் அறிய வேண்டியவை

வயது: பத்து வயது நிறைந்தோரையே பொதுவாகக் கடலில் மூழ்க அனுமதிக்கின்றனர். பயிற்சியாளர் கைபிடித்து அழைத்துச் செல்லும் முதல் அனுபவத்திற்கு எல்லை 12 மீட்டர். நீச்சல் தெரியாதோரையும் இதில் ஏற்பதுண்டு. ஆயினும் தண்ணீரைக் கண்டு அஞ்சாதிருக்க, பெரியோர் துணையோடு சில மாதம் நீந்திப் பழகுவது நலம். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் நீந்தக் கற்ற தாத்தாக்கள் நம் ஊரில் இன்னும் உண்டு. சளி பிடித்திருக்கும் நாளில் இறங்கவே கூடாது. காது அடைத்துச் செவிப்பறை கிழியும்.

காலம்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தமான் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தின் பிற்பகுதியிலேயே அங்கு தொடங்கிவிடும். எனவே கோடை விடுமுறையில் செல்வோர் முற்பகுதியிலேயே சென்று திரும்புதல் தகும்.

வழி: சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். போர்ட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனவும், மூழ்குவோர் பெரிதும் நாடும் ஹேவ்லாக் தீவு 2018இல் சுவராஜ் தீவு எனவும் பெயர் மாற்றம் பெற்றன. இடையே படகில் இரண்டு மணி நேரம் போல ஆகும். காற்று மிகுந்தால் படகு ஓடாது. ஆதலால் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்க.

திரும்புதல்: மூழ்கிய கையோடு விமானம் ஏறலாகாது. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரே செல்கையில் குமிழிடும். ஒருமுறை மூழ்கினால் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் குறைந்தது காத்திருக்க வேண்டும். கடைசி நாளைக் கரையில் கழிப்பதாகவே திட்டமிடுக.

ஒழுக்கம்: பவளம் கல் அன்று, கோடிக்கணக்கான சிற்றுயிர்களின் குடியிருப்பு. 2010ஆம் ஆண்டில் கடல் வெப்பம் மிகுந்து அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அவற்றைத் தொடுவதும் மிதிப்பதும் தகாது. ஒடித்து எடுத்து வருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய பகுதிகளுக்குள் நுழைவதும், அம்மக்களைப் படம் பிடிப்பதும் அவ்வாறே. அவர்கள் காட்சிப் பொருளல்லர், நம் உடன்பிறப்புகள்.

வழிபாடு: போர்ட் பிளேயர் மறைமாவட்டம் 1984இல் நிறுவப்பெற்றது. அதன் பேராலயம் கடலின் விண்மீனாம் நம் அன்னையின் பெயர் தாங்கியது. ஞாயிறு ஒன்று பயணத்தில் வருமாயின், திருப்பலி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்க. விடுமுறை வேலைக்குத்தான், இறைவனுக்கன்று.

முடிவு என்னாயிற்று?

படிவத்தில் உண்மையையே எழுதினார்கள். மருத்துவர் சிறுவனைச் சோதித்து, இவ்வாண்டு வேண்டாம் என்றார். சிறுவன் அழுதான். தாயும் அழுதார். அவன் அழுகையைத் தேற்றியவர் பாட்டிதான்.

“நீ ஏன் கண்ணு அழறே? நான் மட்டும் முழுகவா போறேன்? கண்ணாடி அடிப்படகு இருக்காமே. நாம ரெண்டு பேரும் அதுல உட்கார்ந்து, கீழே உன் அக்கா என்ன செய்யறான்னு பார்ப்போம்.”

அன்றிரவு தந்தை தம் முடிவைச் சொன்னாராம்: மகளோடு தாய் இறங்குவார், தாம் மகனோடு படகில் இருப்பார். மூன்றாண்டுச் சேமிப்பும் தம் ஆசையும் இருந்தும் மேலே தங்கிவிட ஒப்பிய அம்மனிதரை நினைக்கையில், கயிறு பிடித்த அந்த மைத்துனர்களே நம் மனக்கண்ணில் நின்றனர். முத்தெடுத்தவன் பெயர் ஊருக்குத் தெரிந்திருக்கும். கயிறு பிடித்தவன் பெயரை யார் கேட்டார்கள்? எனினும் அவனன்றி முத்தும் இல்லை, மூழ்கியவனும் இல்லை.

பெற்றோரே, உங்கள் பயணம் தீவுக்காயினும் சரி, சேத்துப்பட்டு லூர்து மாதா திருத்தலத்திற்காயினும் சரி, பெட்டி கட்டுமுன் ஓர் இரவு குடும்பமாக அமருங்கள். யாருக்கு என்ன நோய், யாருக்கு என்ன அச்சம், கையில் உள்ளது எவ்வளவு என்று மறைக்காமல் பேசிச் செபியுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் கயிறு முடியப்பட்டுவிடும். அதன்பின் எந்த ஆழத்திலும் நீங்கள் தனியர் அல்லர்.