சமையல் அறையில் வளர்ந்த பக்தி

அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது. கொஞ்சநஞ்சம் அல்ல, அடியோடு பிடிக்காது!

ஆனாலும், சுமார் 15 ஆண்டுகள் அடுப்படியில்தான் நின்றார். அங்குதான் அவருடைய பக்தி வளர்ந்தது.

அவர் பெயர் சகோதரர் லாரன்ஸ். பிரான்சு நாட்டின் பாரீஸ் நகரில், கார்மல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றில் சமையற்காரர். அவர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவருடைய பேச்சும் கடிதங்களும் அடங்கிய சிறிய புத்தகத்தை, கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்ற வேற்றுமை இல்லாமல் கிறிஸ்தவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவர் அதிகம் படித்தவர் அல்ல. பூசை செய்யும் குருவும் அல்ல. மடத்தில் எடுபிடி வேலைகள் செய்த எளிய சகோதரர்.

மொட்டை மரம்

சுமார் 1614-ம் ஆண்டில், லொரேன் என்ற பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன்.

அவருக்கு 18 வயது இருக்கும்போது, ஒரு குளிர்காலத்தில், இலை எல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்ற மரம் ஒன்றைப் பார்த்தார்.

"இந்த மரம் கொஞ்ச நாளில் துளிர்க்குமே! பூக்குமே! காய்க்குமே!" என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. கடவுளின் வல்லமை அவர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. சாகும்வரை அது மறையவில்லை.

அதோடு அவருடைய துன்பம் தீர்ந்ததா? இல்லை. பிறகுதான் தொடங்கியது!

தூக்கு மிரட்டல்

அப்போது ஐரோப்பாவில் பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. 1618 முதல் 1648 வரை நீடித்த "முப்பது ஆண்டுப் போர்" அது. நிக்கோலாஸ் பட்டாளத்தில் சேர்ந்தார்.

எதிரிகள் அவரைப் பிடித்தார்கள். உளவாளி என்று சந்தேகித்து, தூக்கில் போடுவதாக மிரட்டினார்கள். "நான் உளவாளி அல்ல. சாவுக்கும் அஞ்சவில்லை" என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அவர்கள் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு சண்டையில் காயம் பட்டது. பட்டாள வாழ்க்கை அதோடு முடிந்தது. கால் ஊனம் மட்டும் கடைசிவரை கூடவே வந்தது.

அடுத்து, பெரிய அதிகாரி ஒருவரின் வீட்டில் ஏவலாளாகச் சேர்ந்தார். எதைத் தொட்டாலும் உடைத்துவிடுவாராம்! இதைப் பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

1640-ம் ஆண்டில் பாரீஸ் மடத்தில் சேர்ந்தார். "என் தவறுகளுக்கு எல்லாம் இங்கே சரியான தண்டனை கிடைக்கும்" என்று எண்ணித்தான் உள்ளே போனார். லாரன்ஸ் என்ற பெயர் அங்கே கிடைத்தது.

பத்து ஆண்டு வேதனை

மடத்துக்குள் போனால் மனம் அமைதி அடைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லாரன்சுக்கு நடந்தது வேறு.

பழைய பாவங்கள் கண் முன்னே நின்றன. "கடவுள் என்னைத் தள்ளிவிட்டாரோ? எனக்கு மோட்சமே கிடையாதோ?" என்ற பயம் ஆட்டிப் படைத்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் 10 ஆண்டுகள்! விழுந்தார்; எழுந்தார்; மறுபடியும் விழுந்தார்.

பக்திமான்களின் கதைகளில் இந்தப் பகுதியைப் பலரும் இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். லாரன்ஸ் வாழ்க்கையிலோ இதுதான் முக்கியமான கட்டம்.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "இந்த வேதனை சாகும்வரை தீராவிட்டாலும் சரி. கடவுள் மீது வைத்த அன்பை விடமாட்டேன்" என்பதே அந்த முடிவு.

வேதனை தீர வேண்டும் என்று தவிப்பதை அவர் விட்ட பிறகுதான், மனதில் அமைதி குடிபுகுந்தது.

"தண்டனையை எதிர்பார்த்து வந்தேன். கடவுள் என்னை ஏமாற்றிவிட்டார். மகிழ்ச்சியைத்தான் தந்தார்!" என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆம்லெட்டும் ஜெபமும்

மடத்தில் ஜெபத்துக்கு என்று நேரம் உண்டு. மணி அடித்தால் எல்லோரும் போவார்கள். லாரன்சும் போவார். ஆனால், முறைப்படி தியானம் செய்ய அவருக்குக் கடைசிவரை சரியாக வரவே இல்லை!

ஆகவே, தமக்குத் தெரிந்த வழியைப் பிடித்துக்கொண்டார். வேலையைத் தொடங்கும்போது கடவுளிடம் ஒரு வார்த்தை. நடுவில் ஒரு வார்த்தை. முடிந்ததும் ஒரு நன்றி. சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுளுக்காகச் செய்தார். தரையில் கிடக்கும் துரும்பைப் பொறுக்குவதும் அப்படியே.

ஜெப நேரம், வேலை நேரம் என்ற வேறுபாடே அவருக்கு இல்லாமல் போயிற்று. பலர் ஒரே சமயத்தில் பல பொருள்களைக் கேட்டுக் கூச்சல் போடும் அடுப்படியிலும், கோவிலில் மண்டியிட்டு இருப்பது போன்ற அமைதி அவருக்கு இருந்தது.

தவறு செய்தால்? "நீங்கள் கைவிட்டால் நான் இப்படித்தான் செய்வேன்" என்று கடவுளிடம் ஒப்புக்கொள்வார். உதவி கேட்பார். அதற்குப் பிறகு அதையே நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ள மாட்டார்.

பீப்பாய் மீது உருண்டார்

ஒருமுறை, மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவர அவரை வெளியூருக்கு அனுப்பினார்கள். வியாபாரம் அவருக்குத் தெரியாது. காலும் ஊனம். படகில் நடக்க முடியாமல், மதுப் பீப்பாய்களின் மீது உருண்டு உருண்டுதான் நகர்ந்தார்!

"இது உங்கள் வேலை" என்று கடவுளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வேலையும் நல்லபடியாக முடிந்தது.

பிற்காலத்தில் சமையல் வேலை போய், செருப்புத் தைக்கும் வேலை வந்தது. அதையும் அப்படியே செய்தார்.

கடைசிக் கடிதம்

1666-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜோசப் தெ போஃபோர் என்ற குரு அவரைச் சந்தித்தார். சமையற்காரர் சொன்னதை எல்லாம் குறித்துவைத்தார். லாரன்ஸ் இறந்த பிறகு, அந்தப் பேச்சையும் கடிதங்களையும் புத்தகமாக வெளியிட்டவர் அவரே.

அந்தக் கடிதங்களில் சில, நோயால் வாடிய ஒரு கன்னியாஸ்திரீக்கு எழுதியவை. "உங்கள் வலி நீங்க வேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை. தாங்கும் பலத்தைத் தரும்படி ஜெபிக்கிறேன்" என்பது அவற்றின் கருத்து.

படிப்பவருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். சுகமாக இருக்கும் ஒருவர் சொன்னால் கடுமைதான். ஆனால், இதை எழுதியவர் தாமும் நெடுங்காலம் கால் வேதனையை அனுபவித்தவர். அந்த வேதனையோடுதான் அடுப்படியில் வேலை பார்த்தார்.

கடைசிக் கடிதத்தை 1691-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந்தேதி எழுதினார். இரண்டு நாளில் படுக்கையில் விழுந்தார். 12-ந்தேதி காலமானார்.