சைபர் கிரைம் நோட்டீஸ் வந்தால் எந்த வக்கீலைப் பார்ப்பது?

போன புரட்டாசியில் ஒரு நாள் ராத்திரி, பாபநாசம் பக்கத்திலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, நெல் போட்ட பணம் பேங்க்ல வந்து நிக்குது, எடுக்க முடியல. கணக்கை முடக்கிட்டாங்களாம். பையனுக்கு வேற ஏதோ மாநிலத்துப் போலீஸ்கிட்டேருந்து வாட்ஸ்அப்ல நோட்டீஸ் வந்திருக்கு. நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே, நல்ல சைபர் வக்கீலா ஒருத்தரைப் பார்த்துச் சொல்லுங்க."

நான் வக்கீல் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். என் புத்திக்கு உடனே தோன்றியது கூகுள். தேடினால் விளம்பரமாகக் கொட்டியது. அங்கேயே முதல் பாடம். இந்திய பார் கவுன்சில் விதி 36-ன்படி வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கக் கூடாது. ஆன்லைன் தளங்கள் வழியாக ஆள் பிடிப்பதற்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கடுமையாக உத்தரவு போட்டது. ஆக, தேடலில் முதலில் வந்து நிற்கிறவர் நல்ல வக்கீல் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வக்கீல்தானா என்பதையே தனியாகப் பார்க்க வேண்டியிருக்கு.

நோட்டீஸ் நிஜமா?

வக்கீலுக்கு முன்னாடி இந்தக் கேள்வி. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து பணம் கேட்டால் அவன் திருடன், 1930-க்குப் போன் போடுங்க. நோட்டீஸ் என்றால் அதில் இருக்கும் நம்பரைக் கூப்பிடாமல், அந்த மாநிலக் காவல்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஸ்டேஷன் நம்பரை எடுத்துப் பேசணும். நாங்கள் பேசினோம். நோட்டீஸ் நிஜம்தான்.

அடுத்து, அதில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்க. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 179 என்றால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 94 என்றால் ஆவணம் கேட்கிறார்கள். 35(3) என்றால் உங்கள் மேலேயே சந்தேகம், ஆனால் இப்போதைக்குக் கைது செய்யவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு வந்தது 35(3). இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதுக்காக சும்மா இருந்துவிட முடியாது. நோட்டீஸ் செல்லாமல் போனாலும் எஃப்.ஐ.ஆர். அப்படியேதான் இருக்கும்.

சைபர் வக்கீலா, கிரிமினல் வக்கீலா?

நான் பிடித்த தப்பு இதில்தான். சர்வர், ஐபி முகவரி எல்லாம் தெரிந்த ஆளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் முதல் வாரத்தில் வரும் கேள்விகள் வேறு. கைது வருமா? ஜாமீன் கிடைக்குமா? எந்தக் கோர்ட்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 77பி-படி மூன்று வருஷத் தண்டனை வரைக்கும் உள்ள குற்றங்கள் ஜாமீனில் விடக்கூடியவை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றும் 66டி அதில் அடங்கும். சிக்கல் என்னவென்றால், போலீஸ் அதை மட்டும் போடுவதில்லை. கூடவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) வரும். பழைய 420-தான். ஏழு வருஷம், ஜாமீனில் விட முடியாத குற்றம். ஏழு வருஷம் வரையிலான குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஸ்டேஷனில் எடுத்து வைக்க ஆள் வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். வேறு மாநிலத்தில் என்றால்? நம்ம ஊர் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு அங்கே போகலாம். 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கின் தீர்ப்பு இது. டெல்டாவில் இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கு. தஞ்சாவூர் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குள் வரும். திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னைக்குப் போகும். அம்மாபேட்டைக்காரருக்கு மதுரை, பக்கத்தில் நீடாமங்கலத்துக்காரருக்கு சென்னை. உள்ளூர் வக்கீலுக்கு இது கேட்காமலே தெரியும்.

ஆகவே முதலில் தினமும் ஜாமீன் மனு போடுகிற, பக்கத்து ஊர் கிரிமினல் வக்கீல். தொழில்நுட்பம் தெரிந்தவர் அடுத்த கட்டத்துக்கு.

அடுத்த கட்டம் ஏன் முக்கியம்?

2007-ல் பெங்களூரைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளரைப் புணே போலீஸ் பிடித்துப் போனது. ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியைப் பற்றி அவதூறான படம் போட்டார் என்று குற்றச்சாட்டு. ஐபி முகவரி இன்னாருடையது என்று இணைய நிறுவனம் கொடுத்த தகவல் தப்பு. அந்த மனுஷன் 50 நாள் ஜெயிலில் இருந்தார். ஒரே ஐபி முகவரி காலையில் ஒருத்தர் கையிலும் சாயங்காலம் இன்னொருத்தர் கையிலும் இருக்கும். நேரத்தைச் சரியாகச் சொல்லாத ஐபி முகவரி, கதவு எண் இல்லாத தெருப் பெயர் மாதிரி.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2004-ல் சென்னை எழும்பூரில் நடந்த சுகாஸ் கட்டி வழக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நாட்டில் கிடைத்த முதல் தண்டனை என்று சொல்லப்படுவது. மின்னணு ஆதாரம் செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நிபுணரின் சான்றும் பிரவுசிங் சென்டர்காரர்களின் சாட்சியமும் இருந்ததால் அது எடுபடவில்லை. சும்மா 'ஆதாரம் செல்லாது' என்றால் போதாது, எங்கே ஓட்டை என்று காட்டணும்.

அதனால் வக்கீலிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "சார், பிரிவு 63 சான்றிதழ் சரியா இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க?" முன்னாடி 65பி என்று இருந்தது. புதிய சாட்சியச் சட்டப்படி அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பு இருக்கணும், நிபுணர் கையெழுத்துப் போடும் பகுதியும் இருக்கணும். இந்த வழக்குகளை இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர் விசாரிக்கக் கூடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 78 சொல்கிறது. இதெல்லாம் தெரியாவிட்டாலும் "படிச்சுட்டுச் சொல்றேன்" என்கிறவர் பரவாயில்லை. "எல்லாம் ஸ்டேஷன்லயே முடிச்சிடலாம், கவலைப்படாதீங்க" என்கிறவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீங்க.

எப்படிச் சரிபார்ப்பது?

இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டே வழக்குகளைத் தேடலாம். என்ன மாதிரி வழக்கு நடத்துகிறார், எந்தக் கோர்ட்டில் என்று தெரியும். தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்க. ஃபீஸை ஜாமீனுக்கு எவ்வளவு, குற்றப்பத்திரிகைக்குப் பிறகு எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசிக்குங்க. வசதி இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தரணும் என்பது 1987-ம் வருஷச் சட்டம்.

வக்கீல் கேட்ட ஒரே கேள்வி

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். பையன் என்னிடம் சொன்ன கதை, "யாரோ என் அக்கவுண்ட்டை ஹேக் பண்ணிட்டாங்க, பெரியப்பா". நானும் நம்பி, ஹேக்கிங் எப்படி நடந்திருக்கும் என்று ரெண்டு பக்கம் குறிப்பு எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. பேங்க் ஸ்டேட்மெண்ட்டை மட்டும் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த 3,000 ரூபாய் உங்க அப்பாவுக்கு எதுக்கு அனுப்பினே?" என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். கூடப் படித்தவனுக்குக் கணக்கையும் சிம்மையும் கொடுத்திருக்கிறான். அதற்குக் கிடைத்த கமிஷன் 3,000. உரம் வாங்க அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். திருட்டுப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ அதையெல்லாம் வரிசையாக முடக்குவார்கள். அப்படித்தான் குறுவை நெல் பணம் வந்த அப்பா கணக்கும் மாட்டியது.

வக்கீலிடம் சொல்வது ரகசியம், அதைச் சட்டமே காப்பாற்றுகிறது. சொல்லாமல் விட்டதுதான் பின்னாடி கழுத்தைப் பிடிக்கும். ஹேக்கிங் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பொய்யே அவனுக்கு எதிரான சாட்சியாகியிருக்கும். பயத்தில் வாட்ஸ்அப் சாட்டை அழிப்பதும் அப்படித்தான். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம். எதிர்முனையில் அது இருக்கவே செய்யும்.

நோட்டீஸுக்கு வக்கீல் மூலமாகப் பதில் கொடுத்து, பையன் நேரில் போய் வந்தான். கைது இல்லை. சந்தேகப்படும் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடணும் என்று கேட்டதில், 3,000 போக அப்பா கணக்கு திறந்தது. சம்பா நடவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் பணம் வந்தது. பையன் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த ரெண்டு பக்கக் குறிப்பு என் மேஜை டிராயரில் கிடக்கிறது.