இருமலும் ஒரு சிகிச்சைதான்: நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர்

கடந்த டிசம்பர் விடுமுறையில் என் உம்மும்மாவுக்கு நெஞ்சறையில் சத்திரசிகிச்சை நடந்தது. நியூமோனியாக் காய்ச்சல் விட்டும் விடாமலும் மூன்று வாரம் இழுத்து, கடைசியில் வலது நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது. வைத்தியர்கள் நெஞ்சைத் திறந்து சீழை அகற்றினார்கள். நுரையீரலின் மேல் தடித்த தோல்போல் படர்ந்திருந்த படையையும் உரித்தெடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற செய்தி வந்ததும், "அல்ஹம்துலில்லாஹ், ஆபத்துத் தாண்டிவிட்டது" என்று வீட்டார் அனைவரும் ஆறுதலடைந்தோம்.

ஆனால் எங்கள் பொறுப்பு அப்போதுதான் ஆரம்பமானது. பெண்கள் வாட்டில் உம்மும்மாவுக்குத் துணையாக நின்றவள் நான். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள், சுவாசத் தொகுதியைப் படம் வரைந்து பெயரிடத் தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அப்படியிருந்தும் ஒரு பெரிய பிழை விட்டேன். இன்னொருவர் அதே பிழையை விடக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

ஓய்வெடுக்க முடியாத உறுப்பு

கால் முறிந்தால் மாவு போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சறையை அப்படி வைக்க முடியாது. நிமிடத்துக்கு 15 தடவை மூச்செடுக்கின்றோம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளில் 21,600 தடவை விலா எலும்புகள் உயர்ந்து தாழ்கின்றன. விலா எலும்புகளுக்கிடையே வெட்டித் தைக்கப்பட்ட காயம் ஒவ்வொரு மூச்சிலும் இழுபடுகின்றது. நெஞ்சறைச் சத்திரசிகிச்சையின் நோவு மற்றவற்றைவிடக் கடுமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். அந்த இடைவெளிகளினூடாகச் செல்லும் நரம்புகள் நசிபடுவது இன்னொரு காரணம்.

இரண்டாவது விடயம் அமுக்கம். நுரையீரல் தானாக விரிவதில்லை. அதை மூடியிருக்கும் புடைச்சவ்வின் இரு படைகளுக்கிடையே உள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைவிடக் குறைவாக இருக்கின்றது. அதனால்தான் நெஞ்சுச் சுவரும் பிரிமென்றகடும் அசையும்போது நுரையீரலும் கூடவே விரிகின்றது. நெஞ்சைத் திறந்ததும் வெளிக்காற்று அந்த இடைவெளியினுள் புகுந்துவிடும். நுரையீரல் காற்றிறங்கிய பலூன்போலச் சுருங்கிவிடும்.

இந்த உண்மையை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1918 ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவ முகாம்களில் சின்னமுத்தும் இன்புளுவென்சாவும் பரவின. அவற்றைத் தொடர்ந்து வந்த நியூமோனியாவால் பல போர்வீரர்களுக்கு நெஞ்சறையில் சீழ் கட்டியது. உம்மும்மாவுக்கு வந்த அதே சிக்கல்தான். சீழ் இருந்தால் உடனே வெட்டித் திறந்துவிட வேண்டும் என்பது அக்கால வழக்கம். அப்படிச் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்தார்கள். இதனை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் இருந்த இளம் சத்திரசிகிச்சை நிபுணர் எவாட்ஸ் கிரஹாம், பலரைக் கொல்வது சீழ் மட்டுமல்ல, திறந்த காயத்தினூடாக உள்ளே செல்லும் காற்றும்தான் என்று விளக்கினார். நோயின் கடுமையான கட்டத்தில் நெஞ்சைத் திறந்து வைக்காமல், காற்று உட்புகாதபடி சீழை வெளியேற்றி, நோயாளிக்கு நல்ல போசாக்கும் கொடுக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இறப்பு நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவாக இறங்கியது.

கட்டிலடியில் இருக்கும் போத்தல்

இன்றும் அதே தத்துவத்தில்தான் நோயாளியின் விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலடியில் உள்ள போத்தலுக்குச் செல்கின்றது. முதல் நாள் அதைக் கண்டு நான் பயந்துபோனேன். விளங்கியதும் அதன் எளிமையை வியந்தேன்.

போத்தலில் கிருமியற்ற நீர் இருக்கும். குழாயின் நுனி நீருக்குள் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் நிற்கும். நோயாளி மூச்சை வெளிவிடும்போதோ இருமும்போதோ நெஞ்சறையில் தங்கிய காற்று அந்தச் சிறிய நீரமுக்கத்தை வென்று குமிழியாக வெளியேறும். ஆனால் மூச்சை உள்ளிழுக்கும்போது காற்று திரும்பிச் செல்ல முடியாது. நீர்தான் குழாயில் சிறிது மேலேறும். போத்தல் தரையில் தாழ இருப்பதால் அந்த நீர் நெஞ்சை எட்டாது. ஒரு வழி மட்டும் திறக்கும் கதவை வெறும் நீரால் செய்திருக்கின்றார்கள்!

துணைக்கு நிற்போர் இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. போத்தலை ஒருபோதும் நோயாளியின் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக்கூடாது. குழாய் மடிந்தோ உடம்பின் கீழ் நசிந்தோ இருக்கக்கூடாது. மூச்சுடன் சேர்ந்து குழாயிலுள்ள நீர் ஏறி இறங்குகின்றதா என்று பார்க்க வேண்டும். ஏறி இறங்காவிட்டால் குழாய் அடைபட்டிருக்கலாம், அல்லது நுரையீரல் முழுமையாக விரிந்திருக்கலாம். எதுவென்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. குமிழி வருகின்றதே என்று பயந்து குழாயை இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. வெளியேற வேண்டிய காற்று உள்ளே அடைபட்டால் அது நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். குழாய் கழன்றாலோ போத்தல் உடைந்தாலோ உடனே தாதியை அழைக்க வேண்டும்.

நான் விட்ட பிழை

உம்மும்மாவுக்குச் சிங்களம் தெரியாது. வாட்டில் பெரும்பாலான தாதியர் சிங்களம் பேசுபவர்கள். பாடசாலையில் கற்ற சிங்களத்தை வைத்துக்கொண்டு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

தாதி வந்து, "நோவு எப்படி? பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள்" என்று கேட்பார். நான் உம்மும்மாவிடம் கேட்பேன். "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்ல மகள்" என்பார் அவர். நானும் "நோவு பெரிதாக இல்லையாம்" என்று சொல்லிவிடுவேன். அது அப்படியே பதியப்படும்.

உம்மும்மா சொன்னது நோவின் அளவை அல்ல. எவ்வளவு கஷ்டத்திலும் இறைவனைப் புகழும் அவருடைய வழக்கத்தை. எழுபது வயதுவரை யாரிடமும் "எனக்கு நோகுது" என்று சொல்லிப் பழகாத ஒருவரின் சபூரை. இதை வாழ்நாள் முழுவதும் அறிந்த நானே அதை ஒரு மருத்துவத் தகவலாக மொழிபெயர்த்தேன்.

அதோடு நிற்கவில்லை. அவர் இருமத் தொடங்கினால் முகம் சுருங்குவதைக் காணப் பொறுக்காமல், "இருமாதீங்க உம்மும்மா, தையல் பிரிஞ்சிடும்" என்பேன். பார்க்க வந்த உறவினரும் "பேசாம படுத்துக் கெடங்க, அசையாதீங்க" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு நாட்களும் உம்மும்மா அசையாமல் படுத்திருந்தார். நாங்கள் நன்றாகப் பராமரிப்பதாக நினைத்தோம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மூச்சு வேகமானது. விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் அளவு குறைந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சளி அடைத்துச் சுருங்கியிருந்தது. சுவாசப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண்மணி, "இரும வேண்டாம் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். மொழிபெயர்க்க வேண்டிய நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

நோவை மறைத்தால் என்ன நடக்கின்றது?

அன்று அவர் எனக்கு விளக்கியது ஒரு சங்கிலித் தொடர். நோவு இருந்தால் நோயாளி மேலோட்டமாக மூச்செடுப்பார். மேலோட்டமான மூச்சு நுரையீரலின் அடியிலுள்ள சிற்றறைகளை எட்டாது. காற்றுச் செல்லாத சிற்றறைகள் மூடிக்கொள்ளும். சாதாரணமாக இருமல்தான் சளியை வெளியே தள்ளுகின்றது. நோவுக்குப் பயந்து இருமாவிட்டால் சளி தேங்கிச் சுவாசக் குழாய்களை அடைக்கும். தேங்கிய சளியில் கிருமி பெருகினால் மீண்டும் நியூமோனியா.

ஆகவே நோவைக் குறைக்கும் மருந்து வெறும் சுகத்துக்காகக் கொடுக்கப்படுவதல்ல. இருமவும் ஆழமாக மூச்செடுக்கவும் நடக்கவும் நோயாளிக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு அது. நோவு உச்சத்துக்குப் போகும்வரை காத்திராமல், வைத்தியர் குறித்த நேரத்துக்கு மருந்து எடுப்பதே பயனுள்ளது.

அன்று மாலை உம்மா வந்து உம்மும்மாவின் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தைகள் எனக்கு மறக்காது. "சபூர் எண்டா நோவ மறைக்கிறதில்ல உம்மா. உடம்பு அமானிதம். அதப் பத்திக் கேட்டா உள்ளதச் சொல்லணும்." உம்மும்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "எட்டு எண்டு சொல்லு மகள்" என்றார்.

எப்படி இருமுவது?

இருமுவதற்கும் ஒரு முறை உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து சற்று முன்னே சாய வேண்டும். சிறிய தலையணையையோ மடித்த துவாயையோ காயத்தின் மேல் வைத்துக் கையால் அணைத்துப் பிடிக்க வேண்டும். மூக்கால் ஆழமாக மூச்செடுத்து மூன்று விநாடி நிறுத்தி மெதுவாக விட வேண்டும். இப்படிச் சில தடவை செய்த பின், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து "ஹா" என்று பலமாக மூச்சை விட வேண்டும். அதனால் சளி மேலே வரும். அப்போது இருமித் துப்பிவிடலாம். அணைத்துப் பிடித்திருப்பதால் காயம் அதிகம் இழுபடாது. முறையாகத் தைக்கப்பட்ட காயம் இருமலால் பிரிந்துவிடும் என்ற பயம் தேவையற்றது.

மூன்று பந்துகள் உள்ள ஒரு சிறிய கருவியும் தந்தார்கள். உம்மும்மா அதை வாயில் வைத்து ஊதினார். பந்து அசையவே இல்லை. பலரும் இப்படித்தான் செய்கின்றார்களாம். அது ஊதும் கருவி அல்ல, உறிஞ்சும் கருவி. உறிஞ்சும்போதுதான் நுரையீரல் விரியும், பந்தும் உயரும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்துத் தடவை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. முதல் பந்து உயர்ந்த அன்று பக்கத்துக் கட்டில் சிங்களப் பாட்டி கைதட்டினார். "கஹின்ன, அம்மா" என்றால் "இருமுங்கள், அம்மா" என்று உம்மும்மாவும் கற்றுக்கொண்டார். பிறகு அவர் அந்தப் பாட்டிக்கே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்!

கவனிக்க வேண்டிய ஏனைய சிக்கல்கள்

குருதி உறைதல்: அசையாமல் படுத்திருந்தால் கால் நாளங்களில் குருதி உறையலாம். அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் மரணமும் நேரலாம். இயன்றவரை அடுத்த நாளே எழுப்பி உட்கார வைப்பதும் நடக்க விடுவதும் இதற்காகத்தான். போத்தலையும் கையில் தாழப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

இதயத் துடிப்பு மாறுதல்: நுரையீரல் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சில நாட்களில் சோணையறைகள் ஒழுங்கற்றுத் துடிப்பது அடிக்கடி காணப்படும் சிக்கல். "நெஞ்சு படபடக்குது" என்று நோயாளி சொன்னால் அதைப் பயம் என்று தட்டிக்கழிக்காமல் அறிவிக்க வேண்டும்.

காற்றுக் கசிவு: நுரையீரலின் மேற்பரப்பிலிருந்து காற்றுக் கசிவது பெரும்பாலும் சில நாட்களில் தானாக நிற்கும். 5 நாட்களுக்கு மேல் நீடித்தால் குழாயை மேலும் சில காலம் வைத்திருக்க நேரலாம்.

தோள் இறுக்கம்: நோவுக்குப் பயந்து அந்தப் பக்கக் கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். தலைவாருதல்கூட நல்ல பயிற்சியே.

சீனி நோய்: குருதியில் சீனி கூடினால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதாகும். பார்க்க வருவோர் கொண்டுவரும் இனிப்புக்குப் பதிலாக மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவே காயத்தை ஆற்ற உதவும்.

வீடு திரும்பிய பின்

உம்மும்மா வீடு வந்தபோது காயம் மூடியிருந்தாலும் களைப்பு மாறவில்லை. அது இயல்பு. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டினோம். முதலில் முற்றம்வரை, பிறகு ஒழுங்கை முனைவரை. ஆறு வாரம்வரை தண்ணீர் வாளி போன்ற பாரங்களைத் தூக்க விடவில்லை. இருந்தபடியே தொழுதவர் பிறகு நின்று தொழத் தொடங்கினார். வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது என்ற சட்டத்தை வாப்பா போட்டார். குப்பை எரிக்கும் புகையும் அதில் அடங்கும்.

திடீர் மூச்சுத்திணறல், புதிதாக வரும் நெஞ்சு நோவு, காய்ச்சல், காயத்திலிருந்து சீழ், சளியில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியுலன்ஸ் சேவையை இலவசமாகப் பெறலாம்.

அன்புச் சகோதரிகளே, எங்களில் பலர் வீட்டில் நோயாளியின் அருகில் நிற்கப் போகின்றவர்கள். சிலர் நாளை வைத்தியராக, தாதியாக நிற்கக்கூடும். "அசையாதீங்க, இருமாதீங்க, பேசாதீங்க" என்பது அன்பின் மொழியாக எங்களுக்குத் தோன்றுகின்றது. நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக்குப் பின் அந்த மொழி நோயாளிக்குத் தீங்கு செய்யும். நோவு எவ்வளவு என்று கேளுங்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வந்தால், அதற்குப் பிறகு இன்னொரு தடவை கேளுங்கள். தலையணையை எடுத்துக் கையில் கொடுத்து, இருமச் சொல்லுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் உம்மும்மா இருமுகின்றார். முன்பென்றால் ஓடிப்போய்த் தடுத்திருப்பேன். இப்போது ஒரு குவளை வெந்நீருடன் போகின்றேன்.

(உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி)