பெறாமல் தாயான வாத்தியாரம்மா

அந்தச் சிறுமிக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கழுத்தில் தாலி ஏறியது. கொஞ்ச காலத்திற்குள் மாப்பிள்ளை இறந்துபோனார். தாலி இறங்கியது.

கல்யாணம் என்றால் என்னவென்று புரியும் முன்பே அவள் விதவை!

அந்தச் சிறுமிதான் சுப்புலட்சுமி. 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். பிற்காலத்தில் ஊரே அவரை "சிஸ்டர் சுப்புலட்சுமி" என்று அழைத்தது. சிஸ்டர் என்றால் சகோதரி. ஆனால் அவர் செய்ததெல்லாம் தாய் செய்யும் வேலை.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை பெறவில்லை. 83 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நீண்ட வாழ்க்கை முழுவதும் ஊரார் பிள்ளைகளுக்காகவே கழிந்தது.

மூலையில் ஒரு வாழ்க்கை

அந்தக் காலத்தில் விதவையின் நிலை என்ன?

பூ கிடையாது. பொட்டு கிடையாது. வண்ணப் புடவை கிடையாது. பல குடும்பங்களில் தலைமுடியையும் மழித்துவிடுவார்கள். பலருக்கு நாளொன்றுக்கு ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு. கல்யாணம், சீமந்தம் என்றால் பின்கட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அடுப்படி வேலை மட்டும் அவள் தலையில் விழும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை இன்னொன்று. வெளியே கிளம்புகிறவர் எதிரில் அவள் வந்துவிட்டால், "சகுனம் சரியில்லை" என்று திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார்கள்.

அறுபது வயதுப் பாட்டிக்கும் இதே கதி. பத்து வயதுச் சிறுமிக்கும் இதே கதி.

விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. பெண்கள் மூலையில் இருந்தார்கள்.

அப்பா எடுத்த முடிவு

சுப்புலட்சுமியின் தந்தை சுப்பிரமணிய அய்யர் மராமத்து இலாகாவில் இன்ஜினீயர். தாய் விசாலாட்சி.

மகள் படிப்பில் கெட்டிக்காரி என்பது அவர்களுக்குத் தெரியும். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுப் பரீட்சை எழுதி, செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறியவள் அவள்.

அந்தப் பெண்ணையா மூலையில் உட்கார வைப்பது?

தந்தை மறுத்தார். மகளைப் படிக்க வைப்பது என்று தீர்மானித்தார். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், ஊர் என்ன பேசும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

அதே வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தார். விசாலாட்சியின் தங்கை வாலாம்பாள். அவரும் சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். அக்காள் மகளின் படிப்புக்கு அவர் துணை நின்றார். சித்தியின் வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்ததால், தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பது சுப்புலட்சுமிக்கு நன்றாகப் புரிந்தது.

பி.ஏ. பட்டம்!

சென்னையில் கன்னிகாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் அவர் படித்தார். குடும்பம், பிள்ளை என்று எதுவும் இல்லாத அந்தப் பெண்கள், பிறருக்காக உழைத்து மரியாதையோடு வாழ்வதைக் கண்டார்.

பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1911ஆம் ஆண்டு பி.ஏ. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான்.

அப்போது அவருக்கு வயது 24. நல்ல வேலைக்குப் போகலாம். சம்பளம் வாங்கலாம். நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் அவர் மனம் மற்றச் சிறுமிகளைத் தேடிப் போயிற்று.

நான்கு பெண்கள்

எழும்பூரில் தம் குடும்பத்தார் இருந்த வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். முதலில் வந்தவர்கள் நான்கே நான்கு இளம் விதவைகள். அவர்களுக்குச் சோறு போட்டார். பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கு அனுப்பினார். சமையலையும் வீட்டுப் பொறுப்பையும் வாலாம்பாள் பார்த்துக்கொண்டார்.

1912ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கம் பிறந்தது. பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற ஐரோப்பிய மாது பெரிதும் உதவினார். அரசாங்க உதவியும் கிடைத்தது.

பெண்கள் பெருகினார்கள். வீடு போதவில்லை. கூட்டமாக விதவைகள் தெருவில் போவதைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு.

கடைசியில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஓர் இடம் கிடைத்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ்!

அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842ஆம் ஆண்டு கட்டிய கட்டடம் அது. 1897ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். பனிக்கட்டிக்காகக் கட்டிய வீடு பல பெண்களின் மனச் சூட்டைத் தணித்தது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இல்லத்தில் பிராமணக் குடும்பத்துப் பெண்களை மட்டுமே சேர்த்தார்கள். மற்றச் சாதியாரோடு தங்குவதென்றால் பெற்றோர் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள் என்பது அந்தக் காலத்து நிலைமை. அதற்காகக் கண்டனமும் எழுந்தது.

ஏன் வாத்தியார் வேலை?

இல்லத்துப் பெண்கள் படித்து முடித்தபின் என்ன செய்வது? இதற்குச் சுப்புலட்சுமி கண்ட விடைதான் அவருடைய பெரிய சாதனை.

அந்த நாளில் பெண் குழந்தைகளை ஆண் வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் படிப்பை நிறுத்திவிடுவார்கள். பெண் வாத்தியார் இருந்தால் அனுப்புவார்கள். ஆனால் பெண் வாத்தியாருக்கு எங்கே போவது? கல்யாணமான பெண்கள் வீட்டை விட்டு வரமாட்டார்கள்.

ஒரு பக்கம் வாத்தியார் இல்லாத பள்ளிகள். இன்னொரு பக்கம் வாழ்வு இல்லாத இளம் பெண்கள். இரண்டையும் சேர்த்தால்?

சேர்த்தார் சுப்புலட்சுமி!

1922ஆம் ஆண்டு, ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்தில் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. சென்னை கவர்னரின் மனைவி பெயரில் அமைந்த அந்தக் கல்லூரிக்குச் சுப்புலட்சுமியே முதல் தலைவி. பட்டதாரிகளுக்கு ஒரு பயிற்சி, எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துவோருக்கு ஒன்று, ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு ஒன்று என மூன்று வகைப் பயிற்சிகள் நடந்தன. பாடம் நடத்திப் பழகப் பக்கத்திலேயே ஒரு பள்ளியும் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆசிரியை ஆண்டுக்கு 30 குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். முப்பது ஆண்டு வேலை பார்த்தால் 900 குழந்தைகள். அந்த ஆசிரியையை உருவாக்கியவருக்கு அத்தனையும் பேரப்பிள்ளைகள் அல்லவா?

சம்பளம் வந்தது. பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதைவிட மேலாக, மரியாதை வந்தது. எந்தப் பெண் எதிரே வந்தால் ஆகாது என்று ஊர் ஒதுங்கியதோ, அதே பெண் காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் ஒரு நாள் வராவிட்டால், "டீச்சர் ஏன் வரவில்லை?" என்று கேட்டார்கள்.

வேரில் ஒரு வெட்டு

வளர்ந்த பெண்கள் படிக்க வந்தால் என்ன செய்வது? அவர்களுக்காக 1927ஆம் ஆண்டு சாரதா வித்யாலயா என்ற விடுதியோடு கூடிய உயர்நிலைப் பள்ளி எழுந்தது.

விதவைச் சிறுமிகளைக் காப்பாற்றினால் போதுமா? விதவைச் சிறுமிகளே இல்லாமல் செய்ய வேண்டாமா? குழந்தை மணத்தை எதிர்த்துச் சுப்புலட்சுமி பேசினார், உழைத்தார். பெண்ணுக்கு 14 வயதும், ஆணுக்கு 18 வயதும் ஆகும் முன் கல்யாணம் கூடாது என்ற சட்டம் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்தது. இன்று அந்த வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21.

முதுமையிலும் ஓய்வில்லை

அரசாங்க வேலை முடிந்தது. அவருடைய வேலை முடியவில்லை.

1942ஆம் ஆண்டு, வயது வந்த பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளியைத் தொடங்கினார். சின்ன வயதில் படிக்க முடியாமல் போன பெண்களுக்கு, "இப்போதும் காலம் கடந்துவிடவில்லை" என்று கதவு திறந்துவிட்டார்.

1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேல்சபை உறுப்பினராக இருந்தார். தாம்பரம் அருகே மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேவை நிலையம் அமையத் துணை நின்றார். மயிலாப்பூர் மகளிர் சங்கத்தின் தலைவியாக இருந்து அவர் தொடங்கிய பள்ளி, 1956ஆம் ஆண்டு வித்யா மந்திர் என்று பெயர் பெற்றது. அப்போது அவருக்கு எழுபது வயது! 1958ஆம் ஆண்டு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசியன்று அவர் காலமானார்.

இன்று சென்னைக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அந்த ஐஸ் ஹவுஸைப் பார்க்கலாம். இப்போது அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். பக்கத்திலேயே லேடி வெலிங்டன் நிறுவனம். இன்றும் அங்கே ஆசிரியர் பயிற்சி நடக்கிறது.

நம் வீட்டுப் பெண் குழந்தை காலையில் புத்தகப் பையோடு பள்ளிக்குக் கிளம்புகிறாள். வாசலில் அவள் டீச்சர் எதிரே வந்தால் முகம் மலர்ந்து வணக்கம் சொல்கிறாள். அந்த டீச்சருக்குக் கணவர் இருக்கிறாரா, இல்லையா என்று குழந்தை கேட்பதில்லை.

அவளுக்கு அது நல்ல சகுனம். அப்படி ஆக்கிக் கொடுத்தவர்களில் ஒருவர், பன்னிரண்டு வயதுக்குள் தாலி இழந்த அந்தச் சிறுமி.