மூச்சு மருந்தும் நியூமோனியாவும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் பெருவீதியில் அமைந்துள்ள எஹலியகொட, இறப்பரும் தேயிலையும் செழிக்கும் ஊர். ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் அங்கு மழை பொழிகின்றது. மழை மிகுந்தவிடத்து விறகு உலர்வதில்லை. ஈர விறகு எரிவதினும் புகைவதே அதிகம். லயத்துச் சிற்றறையினின்று அப்புகை வெளியேற வழியுங் குறைவு. அடுப்படியில் முப்பது நாற்பது ஆண்டு கழித்த பெண்டிரும், பீடியும் சுருட்டும் பழகிய ஆடவரும், இறப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடங்களில் உழைத்தோரும் முதுமையில் மூச்சுவாங்கித் துன்புறுதல் தோட்டங்களிற் புதிதன்று.

மக்கள் இதனை ‘இழுப்பு’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவர். வைத்திய நூலார் அச்சொல்லினுள் இரு நோய்களைக் காண்பர். ஒன்று ஆஸ்துமா; பெரும்பாலும் இளமையிலே தோன்றி, வந்து வந்து தணிவது. மற்றையது நீடித்த சுவாச அடைப்பு நோய். புகையினாற் சுவாசக் குழல்கள் சிதைந்து, ஆண்டுதோறும் வளர்ந்து, முற்றாக மீளாதது. இவ்வேற்றுமையை அறியாதார்க்கு மேல்வரும் செய்தி விளங்காது. விளங்காமை உயிருக்கே தீங்காகவும் முடியலாம்.

கோட்டிசோன் பற்றிய ஆராய்ச்சிக்கு 1950ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வினத்து மருந்துகளாகிய ஸ்டீரோயிட்டுகளை நெடுநாள் விழுங்கின் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். ஆகவே மூச்சோடு உள்ளிழுக்கும் முறை வகுக்கப்பட்டு, 1972இல் பெக்ளோமெத்தசோன் ‘பம்ப்’ வழக்குக்கு வந்தது. ஆஸ்துமாவுக்கு அது அருமருந்தாயிற்று. அங்கு அழற்சியை மூட்டுவன பெரும்பாலும் இயோசினோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள். ஸ்டீரோயிட் அவற்றை எளிதில் அடக்கும். புகையினால் வந்த நோயிலோ நியூட்ரோபில் என்னும் வேறினக் கலங்களே மிகுதி. அவை இம்மருந்துக்கு அவ்வளவாகப் பணிவதில்லை. எனினும் ஆஸ்துமாவில் நன்மை கண்ட வைத்தியர் மற்றை நோய்க்கும் இதனைத் தாராளமாக வழங்கினர்.

அதன் விளைவை நிறுத்துப் பார்த்தது 2007இல் வெளியான டோர்ச் என்னும் ஆய்வு. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் மூன்றாண்டு கவனிக்கப்பட்டனர். ஸ்டீரோயிட்டும் குழல் விரிமருந்தும் சேர்த்துப் பெற்றோரிடத்து நோய் முற்றியெழுதல் நாலில் ஒரு பங்கு குறைந்தது, இது பெருநன்மையே. ஆனால் மருந்தற்ற போலிப் பம்ப் பெற்றோருள் நூற்றுக்கு 12.3 பேருக்கு நியூமோனியா வந்திருக்க, சேர்த்துப் பெற்றோருள் 19.6 பேருக்கு வந்தது. விரிமருந்தை மட்டும் பெற்றோருள் 13.3 பேரே, ஆகவே குற்றம் ஸ்டீரோயிட்டின்பாலது. இவ்வினத்து மருந்துகள் யாவற்றுக்கும் இவ்வபாயம் உண்டென ஐரோப்பிய மருந்து முகவரகம் 2016இல் உறுதிசெய்தது.

காரணம் வியப்பன்று. அழற்சி என்பது நோயாயினும் காவலுமாகும். சிற்றறைகளிற் கிருமிகளை விழுங்கும் காவற்கலங்களின் ஊக்கத்தையும் ஸ்டீரோயிட் தணிக்கின்றது. சிதைந்த நுரையீரலிற் சளியோடு முன்னரே தங்கியிருக்கும் கிருமிகளுக்கு அது வாய்ப்பாகின்றது.

அங்ஙனமாயின் இம்மருந்தை ஒழித்துவிடலாமோ எனின், அதுவும் பிழை. குருதியில் ஒரு மைக்ரோலீற்றரில் இயோசினோபில் 300 அல்லது அதற்கு மேலிருந்து, நோயும் அடிக்கடி முற்றியெழுவோர்க்கு நன்மையே மிகும். அவ்வெண் 100க்குக் குறைந்தோருக்கும், நியூமோனியா பன்முறை வந்தோருக்கும், காசநோய் கண்டோருக்கும் ஸ்டீரோயிட்டை விலக்குதலே தகும் என்பது இன்றைய சருவதேச வழிகாட்டல். சாதாரண இரத்தப் பரிசோதனையொன்றே இவ்வெண்ணைக் காட்டிவிடும் என்பது வறியோர்க்கு ஆறுதலான செய்தி. ஆய்ந்து தெரிந்தெடுத்த நோயாளரிடத்து ஸ்டீரோயிட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, ஏனைய விரிமருந்துகளைத் தொடரலாம் என 2014இல் வெளியான விஸ்டம் ஆய்வு காட்டிற்று. அது வைத்தியர் செய்யவேண்டிய காரியம். ஆஸ்துமா உடையார் பக்கத்து வீட்டார் சொற்கேட்டுப் பம்பை எறிவாராயின், நியூமோனியாவுக்கு அஞ்சி மூச்சையே இழக்க நேரிடும்.

மருந்திழுத்த பின் வாய் கொப்பளித்தல் நன்று. ஆனால் அது வாய்ப்புண்ணைத் தடுப்பதன்றி நியூமோனியாவைத் தடுப்பதன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வார் பலர். நியூமோனியாவுக்குத் தடுப்பூசியும் புகையை நீக்குதலுமே துணை. தொல்லை யாதெனின், நியூமோனியாவின் தொடக்கம் வழக்கமான இழுப்புப் போலவே தோன்றும். சளி நிறமாறிக் காய்ச்சலும் மூச்சிழுக்கையில் நெஞ்சில் குத்தலும் உண்டாயின், பம்பை இரட்டிப்பாக இழுத்துக்கொண்டு லயத்திற் படுத்திராது, அன்றே வைத்தியசாலைக்குச் சென்று நெஞ்சு எக்ஸ்கதிர்ப் படம் எடுப்பித்தல் வேண்டும். அப்போது இழுக்கும் பம்பையும் கையோடு கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுதல் நலம்.